மிசிசிப்பிக் கரையில் வெண்தலைக் கழுகு: குளிர்காலத்தில் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றங்கரைக்கு வெண்தலைக் கழுகைப் பார்க்கப் போகிறவர்களில் பலர், வெயில் இதமாக அடிக்கும் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புகிறார்கள். தொலைவில் ஒன்றிரண்டு பறவைகளைக் கண்டுவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். தவறு அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததிலேயே இருக்கிறது. இக்கழுகின் முதன்மையான இரை மீன். கனடாவிலும் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் வடபகுதியிலும் ஏரிகள் உறைந்து, மீன்கள் பனிக்கட்டிக்கு அடியில் அகப்படாமல் போன பிறகே அது தெற்கே ஆற்றை நாடி வருகிறது. ஆறும் பெரும்பகுதி உறைந்துவிட்டால், உறையாமல் மிஞ்சிய சில இடங்களில் வந்து குவிகிறது. குளிர் தணிந்து ஆறு திறந்துகொண்டாலோ, எங்கும் மீன் கிடைப்பதால் கரை நெடுகச் சிதறிவிடுகிறது. ஆகவே ஜனவரி தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதிக்குள், பல நாள் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழே குளிர் நின்ற பிறகு போவதே முறை. நமக்கு எவ்வளவு துன்பமான நாளோ, கழுகு பார்ப்பதற்கு அவ்வளவு நல்ல நாள்.

அடுத்தது இடம். மலைமுகட்டுப் பூங்காக்களில் காட்சி அழகாக இருக்கும், கழுகு இருக்காது. தேட வேண்டியது ஓடும் நீரை. கப்பல் போக்குவரத்துக்காக இந்த ஆற்றில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை 1930களில் எழுந்தவை. மதகுகளின் வழியே நீர் கொந்தளித்து வெளியேறுவதால், அணையின் கீழ்ப்புறம் எந்தக் குளிரிலும் எளிதில் உறைவதில்லை. அங்கே கிஸ்ஸர்ட் ஷாட் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன்கள், குளிராலும் மதகில் அடிபட்டும் மயங்கி மேலே மிதக்கின்றன. கழுகுக்கு இதைவிட எளிய சாப்பாடு வேறு இல்லை. இதை அறியாமல் அணையின் மேற்புறத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வெறும் பனிக்கட்டிப் பரப்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அயோவா மாநிலத்தில் லெக்ளேர் ஊருக்கு அருகே உள்ள 14ஆம் எண் அணையும், கியோகக்கில் உள்ள 19ஆம் எண் அணையும் பெயர் பெற்றவை. பின்னது 1913இலேயே மின்நிலையத்தோடு கட்டி முடிக்கப்பட்டது. தெற்கே இல்லினாய் மாநிலத்தின் ஆல்டனில் மெல்வின் பிரைஸ் அணை இருக்கிறது. வடக்கே மின்னசோட்டாவின் வபாஷாவில் மட்டும் கதை வேறு: பெப்பின் ஏரியிலிருந்து வெளியேறும் நீரும், சிப்பெவா ஆறு வந்து கலப்பதும் சேர்ந்து அங்கே ஆற்றை ஓடவைக்கின்றன. முதன்முறை போகிறவர்களுக்கு வபாஷாவையே பரிந்துரைப்பேன். கரையிலேயே தேசியக் கழுகு மையம் இருப்பதால், உள்ளே நின்று குளிர்காயலாம்.

காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்வதும் பரவலான தவறு. கழுகு விடிந்ததும் வேட்டைக்கு இறங்குகிறது. தாழப் பறந்து வந்து, கால்களை முன்னே நீட்டி, நீர்ப்பரப்பை மெல்லக் கீறி மீனைத் தூக்குகிறது. சிறுமீனானால் பறந்தபடியே கால்களை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்றுவிடுகிறது. பெரிதானால் சிக்கல்: மூன்று நான்கு கழுகுகள் துரத்த, மீன் கைமாறி, சில வேளை யாருக்கும் கிடைக்காமல் நீரிலேயே விழுந்துவிடும். வயிறு நிரம்பிய பிறகு காட்டன்வுட் மரக்கிளைகளில் மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருக்கும். ஆற்றின் மேற்குக் கரையில் நின்றால் காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

வெள்ளைத் தலையை மட்டுமே தேடும் கண்ணுக்குப் பாதிக் கூட்டம் தப்பிவிடலாம். தலையும் வாலும் வெண்மையாக ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை உடல் முழுதும் பழுப்பாகவும், ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகளோடும், அலகு கறுத்தும் இருக்கும். நம் ஊர்ச் செம்பருந்தின் குஞ்சு தாயைப் போல இல்லாததைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. 'பால்ட் ஈகிள்' என்னும் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'மொட்டைக் கழுகு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இப்பறவையின் தலையில் இறகு அடர்ந்தே இருக்கிறது.

நெருங்கிப் போவதுதான் பறவைக்கே தீங்கு செய்யும் தவறு. கடுங்குளிரில் உடற்சூட்டைக் காக்கவே அது அசையாமல் இருக்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் தின்ற மீனின் பயன் வீணாகிறது. காரைக் கண்டு பறக்காத கழுகு, கதவு திறந்து ஆள் இறங்கியதும் பறந்துவிடும். ஆகவே வண்டிக்குள்ளேயே இருந்து இருநோக்கியால் பார்ப்பது நல்லது. படம் எடுப்பவர்கள் வெப்பமூட்டியை முன்பே அணைத்துவிட வேண்டும். இல்லையெனில் திறந்த கண்ணாடி வழியே வெளியேறும் சூடான காற்று அலையலையாகி, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் படம் மங்கிவிடும்.

இக்கழுகைத் துன்புறுத்துவது, 1940ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி அமெரிக்கக் கூட்டரசு தடை செய்துள்ள செயல். கரையில் கிடக்கும் ஓர் இறகை நினைவுப்பொருளாக எடுத்து வருவதும் குற்றமே. இறந்த கழுகுகளும் இறகுகளும் கொலராடோவில் உள்ள அரசுக் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டு, சமயச் சடங்குகளுக்காகப் பூர்வகுடி மக்களுக்கு வழங்கப்படுகின்றன.