சர்வர் ஓடுகிறது சரி, தளம் திறக்கிறதா? அப்டைம் அளக்கும் முறை

சர்வரில் நுழைந்து 'அப்டைம்' என்று தட்டினால் 212 நாட்கள் என்று வரும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பூட் ஆகி எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஒருமுறை என் சர்வரில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. பிங்குக்கு (சர்வர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) மட்டும் ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்தது. தளத்தைத் திறந்தவர்களுக்கு வந்தது ஒற்றை வரிப் பிழைச் செய்தி, அதுவும் 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 குறியீட்டோடு! காலை ஆறு மணிக்கு வாடிக்கையாளர் போன் செய்துதான் எனக்கே தெரிந்தது.

படி 1: கண்காணிப்பை வேறொரு நிறுவனத்தின் சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) வையுங்கள். ஒரே சர்வரில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே விழும். டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வழியாக, தளங்களைக் கண்காணிக்கும் அப்டைம் குமா என்ற மென்பொருளை நிறுவி, பிரவுசரில் 3001 போர்ட்டைத் திறந்து கணக்கு தொடங்குங்கள். டேட்டாவுக்குத் தனி வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் சேமிப்பிடம்) கட்டாயம். இல்லையென்றால் கன்டெய்னரை அழித்து மறுபடி போடும்போது பழைய பதிவெல்லாம் போய்விடும்.

படி 2: இதுதான் முக்கியம். மானிட்டர் வகையில் பிங் வேண்டாம், கீவேர்டைத் தேர்ந்தெடுங்கள்; அது பக்கத்தைத் திறந்து, நாம் தரும் சொல் அதில் இருக்கிறதா என்று தேடும். தேடும் சொல் டேட்டாபேஸிலிருந்து வருவதாக இருக்கட்டும். கடைத் தளம் என்றால் ஒரு பொருளின் பெயர். அடியில் இருக்கும் காப்புரிமை வரி உதவாது. டேட்டாபேஸ் செத்தாலும் டெம்ப்ளேட் (பக்கத்தின் மாறாத வார்ப்பு) அதை அச்சிட்டுவிடும்.

படி 3: இடைவெளி 60 வினாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால், மூன்று நிமிடம் விழுந்து எழுந்தது பதிவே ஆகாமல் போகலாம். ரீட்ரை (விழுந்ததாக அறிவிக்கும் முன் மறுபடி பார்ப்பது) 2, அதற்கு இடைவெளி 20 வினாடி. நெட்வொர்க்கில் ஒரு சின்னத் தடங்கல் வந்ததற்கெல்லாம் நள்ளிரவில் எழ வேண்டாம் பாருங்கள்.

படி 4: எப்போதும் திறக்கும் பெரிய தளம் ஒன்றுக்கும் மானிட்டர் போடுங்கள். இரண்டும் ஒரே நிமிடத்தில் சிவப்பானால், கோளாறு பெரும்பாலும் அளக்கிற பக்கத்து இணைப்பில்தான். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 5: கணக்கு. 30 நாளுக்கு 43,200 நிமிடம். தளம் 99.9 சதவீத நேரம் திறந்திருக்க வேண்டும் என்றால் 43.2 நிமிடம் விழலாம், 99.99 என்றால் 4 நிமிடம் 19 வினாடிதான். நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும்போது ஒவ்வொரு விழுதலின் தொடக்கமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் வரை தவறலாம். அதை வைத்துக்கொண்டு 99.99 என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், டெலிகிராம் அறிவிப்பை இணைத்துவிட்டு, ஆள் வராத நேரமாகப் பார்த்து டேட்டாபேஸை நீங்களே நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்குள் போன் அடிக்கவில்லை என்றால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.