மாடித் தொட்டி காலியானால் போனுக்குச் செய்தி: சின்ன வைஃபை போர்டில் செய்வது எப்படி

பெங்களூரில் மாடித் தொட்டியை நம்பி வாழ்கிறவர்களுக்கு இது தெரியும்: சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) தண்ணீர் நிறைய இருக்கும், மோட்டார் போட மறந்திருப்போம், முகத்தில் சோப்போடு நிற்கும்போது குழாய் காற்று விடும். அல்சூரில் எங்கள் வீட்டில் இதற்கு வைத்திருப்பது ஈஎஸ்பி32 சி3 சூப்பர் மினி என்ற போர்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்குள் வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்கிறது.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள், வெறும் ஈஎஸ்பி32 என்றால் பழைய நீளமான போர்டை எடுத்துத் தந்துவிடலாம். சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் ஒயர் மாட்டும் உலோகக் கால்களான பின்களை ஏற்கெனவே பற்றவைத்ததே கிடைக்குமா என்று பாருங்கள். கூடவே நீர்மட்டத்தோடு ஏறி இறங்கித் திறந்து மூடும் ஒரு மிதவை சுவிட்ச், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மாடி வரை எட்டும் அளவுக்கு ஒயர்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் இணைக்காமல் வெறும் போர்டை மட்டும் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா, முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வரவேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் ஒன்றை வைத்துக்கொண்டு நான் ஒரு மாலை முழுக்க டிரைவர் தேடியிருக்கிறேன். கேபிள் சரி, இன்னும் வரவில்லை என்றால் பூட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ரீசெட்டை ஒருமுறை தட்டிவிட்டு அப்புறம் பூட்டை விடுங்கள், அனேகமாக வந்துவிடும். போர்டுக்குப் புரோகிராம் எழுதி ஏற்றுகிற ஆர்டுயினோ மென்பொருளில் ‘ஈஎஸ்பி32சி3 டெவ் மாட்யூல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘யூஎஸ்பி சிடிசி ஆன் பூட்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் புரோகிராம் ஓடும், ஆனால் போர்டு அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரில் ஒரு எழுத்தும் வராது.

அடுத்தது வயரிங். இந்த போர்டின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும், 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுத்தால் சிப் போய்விடலாம். ஒலி அலையால் நீர்மட்டம் அளக்கிற, பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடுகிற அல்ட்ராசோனிக் சென்சாரை விட்டு மிதவை சுவிட்சை நான் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுவிட்சின் ஒரு ஒயர் கிரவுண்டுக்கு, இன்னொன்று 3-ஆம் பின்னுக்கு. அதே பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு அந்த ரெசிஸ்டர். சிப்புக்குள்ளேயே புல்-அப் (சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறதே என்று கேட்கலாம், மேசைமேல் அது போதும், ஆனால் மாடி வரை போகிற நீள ஒயரில் பக்கத்து மோட்டார் ஓடினாலே பொய்த் தகவல் வரும். 2, 8, 9 ஆகிய பின்களைத் தொடாதீர்கள், போர்டு உயிர்பெறும்போது எந்த நிலையில் தொடங்குவது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சிப் முடிவு செய்கிறது. நீர் குறையும்போது சுவிட்ச் திறக்க வேண்டுமா மூட வேண்டுமா என்ற குழப்பத்துக்கு, சின்ன மிதவைகளில் அடியிலுள்ள கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போட்டால் வேலை முடிந்தது.

புரோகிராமில் ஒன்றுதான் முக்கியம். தொட்டியில் அலை அடிக்கும்போது மிதவை ஆடும், அதனால் 5 விநாடி ஒரே நிலையில் இருந்தால் மட்டும் டெலிகிராமுக்குச் செய்தி அனுப்புகிற மாதிரி எழுதுங்கள், இல்லாவிட்டால் போன் ஓயாது.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே, ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். சில சூப்பர் மினிகளில் ஆன்டெனா அமைப்பு சரியில்லாததால் பக்கத்திலேயே ரவுட்டர் இருந்தும் இணையாமல் தவிக்கும். விசித்திரம்தான், ஆனால் புரோகிராமில் வைஃபை அனுப்பும் சக்தியை 8.5 டிபிஎம்முக்கு (சிக்னல் சக்தியின் அளவு) குறைத்தால் பலமுறை இணைந்துவிடுகிறது. போர்டை மாடி வெயிலில் வைக்க வேண்டாம், இரும்புப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். ஒயரை மட்டும் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுபோங்கள், போர்டு ரவுட்டர் இருக்கும் அறையிலேயே பழைய போன் சார்ஜரில் இருக்கட்டும்.