புளியங்கொட்டை வைத்துப் போக்கர் பழகலாம்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பாம்பன் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். காலையில் கிழிந்த வலையைச் சரிபார்ப்பது, வெயில் ஏறினால் கொட்டகை நிழலில் சீட்டு. ரம்மி சலித்துப்போன ஒரு வருஷம் அங்கே போக்கரை ஆரம்பித்து வைத்தேன். காசு கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதற்கு 2025-இல் மத்தியச் சட்டமே தடை போட்டுவிட்டது. பழகுவதற்கு அது தேவையும் இல்லை. கொட்டை தீர்ந்தவர் எழுந்து போய் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: மூணு சீட்டை மறப்பது

ஆடப்போவது டெக்சாஸ் ஹோல்டெம். கைக்கு இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து சீட்டைத் திருப்புவார்கள். இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே வரிசை (அடுத்தடுத்த எண்கள்) கலரை (எல்லாம் ஒரே சின்னம்) அடிக்கும். போக்கரில் கலர்தான் வரிசையை அடிக்கும். அங்கே ஒரே எண் மூன்று வந்தால் ராஜா. இங்கே அது வரிசைக்கும் கீழே. ஏறுமுகமாகச் சொன்னால்: ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், வரிசை, கலர், ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்), நான்கு ஒரே எண், ஒரே கலரில் வரிசை. ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

இரண்டாவது: கவிழ்க்கப் பழகுவது

கவிழ்ப்பது என்றால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகுவது. புதிதாக வருபவர் எல்லாக் கையையும் ஆடிப் பார்ப்பார். கொட்டை போவது இங்கேதான். கையில் ஜோடி விழுவது சராசரியாக 17 ஆட்டத்துக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி 221-க்கு ஒன்று. எட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் பெரிய ஜோடி, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி போன்ற கைகளை ஆடுங்கள். மற்றதில் பெரும்பாலானதைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பாருங்கள்.

மூன்றாவது: உட்காரும் இடம்

நடுச்சீட்டு திரும்பியபின் டீலருக்கு (சீட்டுப் போடுபவருக்கு) இடதுபக்கம் இருப்பவர் முதலில் பேச வேண்டும், அதாவது கொட்டை போடுவதா, விடுவதா என்று சொல்ல வேண்டும்; டீலர் கடைசியில். கடைசியில் பேசுபவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். அதனால் டீலர் முறை வரும்போது சுமாரான கையையும் ஆடலாம். முதலில் பேசும் இடத்தில் அதே கையைக் கவிழ்க்க வேண்டும்.

நான்காவது: விலை கேட்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். ஒரு ஆட்டத்தில் என் கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் 9. நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, இஸ்பேட் 7. இன்னும் ஒரு ஆட்டின் வந்தால் கலர். குவியலில் 40 கொட்டை. எதிரில் என் மாமா 10 போட்டார்.

கணக்கு இதுதான். ஆட்டின் மொத்தம் 13. நான்கு கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. நான் பார்க்காத சீட்டு 47. 47-இல் 9 என்றால் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று. (சுருக்குவழி: மிச்சச் சீட்டை இரண்டால் பெருக்கினால் அடுத்த சீட்டில் வரும் வாய்ப்பு சதவீதத்தில் கிடைக்கும், இங்கே 18.) நான் 10 போட்டால் குவியல் 60. அதாவது ஆறில் ஒரு பங்குதான் விலை. வாய்ப்பு அதைவிடக் கூட, எனவே போட்டேன். மாமா 40 போட்டிருந்தால்? 120-க்கு நான் 40 கொடுக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு. கவிழ்த்திருப்பேன்.

கடைசியாக: ஏமாற்று

நல்ல கை இல்லாமலே இருப்பதுபோலக் கொட்டையைப் போடுவதுதான் ஏமாற்று. சினிமாவில் காட்டுகிற அளவுக்கு இதற்கு வேலை இல்லை. எதிரில் இருப்பவர் கவிழ்க்கக்கூடிய ஆளாக இருந்தால்தான் பலிக்கும். மேலே சொன்ன ஆட்டமே சாட்சி. அடுத்து இஸ்பேட் 2, இருவரும் எதுவும் போடவில்லை. கடைசியில் கிளாவர் ஜாக். கலரும் இல்லை, ஜோடியும் இல்லை. மாமா சும்மா விட்டார். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு 30 கொட்டையைத் தள்ளினேன்.

மாமா கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். "கடலுக்கும் போகலை, இதுவும் புளியங்கொட்டை. நீ என்ன வச்சிருக்கேன்னு பார்த்துட்டுத்தான் போவேன் மாப்ள" என்று 30-ஐ எண்ணிப் போட்டுவிட்டு, நடுவிலிருந்த 4-க்கு ஜோடியாகக் கையிலிருந்த டைமன் 4-ஐத் திருப்பினார்.