பழைய நூல்களை ஸ்கேன் செய்வதில் எங்கே கோட்டை விடுகிறோம்?

1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இலங்கைத் தமிழ் நூல்கள் இணையத்துக்கு வந்த கதையைச் சொல்பவர்கள் இங்கிருந்து ஒரே தாவலாக 2005க்கு, ‘நூலகம்’ மின்னூலகம் தொடங்கிய ஆண்டுக்கு, வந்துவிடுவார்கள். முதல் தவறே இதுதான். எரிந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது போல ஒரு நினைப்பு உண்டாகிறது. ஒரே பிரதியாக இருந்த ஏட்டை எந்த ஸ்கேனர் மீட்கும்? வீட்டு அலமாரிகளிலும் புலம்பெயர்ந்தவர்களின் பெட்டிகளிலும் தப்பிக் கிடந்தவற்றைத்தான் தேடிச் சேர்க்க முடிந்தது.

அப்புறம், எதைச் சேர்ப்பது? நல்ல இலக்கியம் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய பிழை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் ஒரு நினைவு மலர் கொடுப்பார்கள்; ஊரில் அதற்குக் ‘கல்வெட்டு’ என்று பெயர். தேவாரமும் புலம்பல் பாட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கூடவே வரும் வம்சாவளியைப் பாருங்கள்: யார் எந்த ஊரில் பெண் எடுத்தார், யார் மலாயாவுக்கு வேலைக்குப் போனார், எல்லாம் அதில் இருக்கும். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். வேறு எந்த நூலிலும் கிடைக்காத செய்திகள் இவை. பழைய பேப்பர்காரருக்கு முதலில் போவதும் இதுதான்.

அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் விட்டுவிட்டு ஸ்கேன் செய்யாதீர்கள். வேகத்துக்காக நூலின் முதுகை, அதாவது தாள்களைச் சேர்த்துக் கட்டிய ஓரத்தை, வெட்டாதீர்கள். ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். பதிப்புரிமையையும் மறக்க வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை அனுமதி வேண்டும்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால் உடனே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’வைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் வரும், ‘ம்’மின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளியோடு.

கடைசியாக, பெயர். ஒரே எழுத்தாளர் ஒரு நூலில் ஒற்றைத் தலைப்பெழுத்தோடு இருப்பார், அடுத்ததில் இரண்டோடு, சஞ்சிகையில் புனைபெயரில். மூன்றையும் ஒரே ஆளாக இணைத்துப் பதியாவிட்டால் பட்டியலில் அவர் மூன்று பேர்.