வெளிநாட்டுத் தொண்டு நிறுவனக் குழு வருகிறதா? பயணத் திட்டம் போடப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணி முதுகலை படித்தபோது களப்பயிற்சிக்காகக் கடலூர் முதுநகரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒருங்கிணைப்பாளர் அக்கா கூப்பிட்டார். "பிரிட்டன்ல இருந்து ஆறு பேர் வர்றாங்கம்மா. நாலு நாள் இருப்பாங்க. ப்ரோகிராம் நீ போடு." எங்கள் மீனவப் பெண்கள் குழுக்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறவர்கள் அவர்கள். நேரில் வருவது அதுதான் முதல் முறை.

இந்த வேலையைப் பற்றித் தமிழில் எழுதிவைத்தது எதுவும் அப்போது என் கையில் கிடைக்கவில்லை. இனி அதே வேலையை எடுத்துச் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிக் கடற்கரையை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: தேதி

குழு தன் விடுமுறையைப் பார்த்துத் தேதி சொல்லும். நாம் கடலைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. 2015 வெள்ளம் நவம்பர், டிசம்பரில் வந்தது. அந்த மூன்று மாதமும் வேண்டாம் என்று தயங்காமல் எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பல வீடுகளில் வருமானம் நின்றிருக்கும், வெயிலும் கடுமை. தடைக்காலத்தை வீடுகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று அறியவே வருகிறார்கள் என்றால் வரட்டும், இல்லையென்றால் தவிர்க்கலாம். பொங்கல் வாரத்தில் அலுவலகங்கள் மூடியிருக்கும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காகச் சாமிகள் வரும், கூட்டத்தில் வண்டி நகராது. இதையெல்லாம் கழித்து மிஞ்சும் மாதங்களில், வெயில் அதிகம் இல்லாத ஜனவரியின் பின்பாதியும் பிப்ரவரியும்தான் நல்ல காலம்.

டிசம்பர் 26-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் போனவர்களை நினைத்து, கரையோர ஊர்களில் கடலில் பாலும் பூவும் விடும் நாள் அது. அன்றைக்கு வர ஆசைப்படும் குழுக்கள் உண்டு. ஊரே அழைத்தால் ஒழிய அந்த நாளைத் தொடாதீர்கள்.

படி 2: குழுவுக்குச் சரி சொல்வதற்கு முன் ஊரிடம் கேட்பது

என் பார்வையில் எல்லாப் படிகளிலும் பெரியது இதுதான். திட்டம் எல்லாம் முடிந்த பிறகு ஊருக்குத் தகவல் சொல்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம் வீட்டுக்கு யாரையாவது கூட்டிவருகிறவர் வாசலில் வந்து நின்றபடி சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மீனவக் கிராமங்களில் உள்ளாட்சித் தலைவர் வேறு, ஊர்ப் பஞ்சாயத்து வேறு. இரண்டு இடத்துக்கும் நேரில் போங்கள். அப்புறம் மகளிர் குழுவைத் தனியாகப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்ததால் பெண்களும் சம்மதித்தார்கள் என்று ஆகிவிடாது.

அவர்கள் வரலாமா, வந்தால் எந்த நேரம் வசதி, எதைப் பேச விருப்பம், எதைப் பேச விருப்பமில்லை என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எங்கள் குழுவில் ஒரு அம்மா சொன்ன பதில் இது: "சுனாமியைப் பத்திக் கேக்க வேணாம்னு சொல்லும்மா. வர்றவங்க எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. நாங்க இப்ப கருவாடு போட்டு விக்கிறதைக் கேக்கச் சொல்லு." அந்தப் பதிலால் எங்கள் திட்டம் முழுவதும் மாறியது. அதுவரை முதல் நாள் காலையில் சுனாமி நினைவிடம் என்று வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, கருவாடு காயப்போடும் இடத்தை வைத்தேன்.

படி 3: வருகிறவர்களிடம் கேட்பது

காணொளி அழைப்பில் ஒரு மணி நேரம் பேசினால் இருபது மின்னஞ்சல் மிச்சம். லண்டனில் காலை 9 என்றால் இங்கே குளிர்காலத்தில் மதியம் 2.30, அவர்களுடைய கோடையில் 1.30. கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், வரும் நோக்கம், தினமும் சாப்பிடும் மருந்து, படி ஏறுவதில் சிரமம் உண்டா, மருத்துவக் காப்பீடு எண், வீட்டில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

உணவு ஒவ்வாமையை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள். நம் மாவட்டம் பண்ருட்டி முந்திரி விளையும் மாவட்டம். கேசரி, பொங்கல், பாயசம், குருமா என எல்லாவற்றிலும் முந்திரி இருக்கும், அதைப் போடுவதுதான் மரியாதை என்று சமைப்பவர் நினைப்பார். எங்கள் குழுவில் ஒருவருக்கு முந்திரி சேராது. இன்னொருவருக்குக் கோதுமை சேராது. இட்லி சாம்பார் என்றால் அவருக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதை, டப்பாவைத் திருப்பிப் படித்த பிறகுதான் கவனித்தேன். சமையல்காரம்மாவிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள்.

சாட்டிலைட் போன் கொண்டுவர வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். இ-சிகரெட்டுக்கும் 2019 முதல் தடை. வெளிநாட்டிலிருந்து ட்ரோன் கொண்டுவருவதற்கும் தடை இருக்கிறது. பிரிட்டன் பிளக் நம் சாக்கெட்டில் சேராது, அடாப்டர் எடுத்துவரச் சொல்லுங்கள்.

படி 4: காகித வேலை

அழைப்புக் கடிதத்தில் எழுதும் நோக்கமும் அவர்கள் விசா விண்ணப்பத்தில் எழுதும் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால், தங்குமிடம் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையத்தில் விவரம் பதிய வேண்டும். சி படிவம் என்றுதான் விடுதிக்காரர்கள் அதைச் சொல்வார்கள். அறை பதியும்போதே "வெளிநாட்டவருக்குப் பதிவு செய்வீர்களா?" என்று கேளுங்கள். சிறிய விடுதிகள் சிலவற்றில் அந்த வசதி இருக்காது. நிறுவன விருந்தினர் அறையிலோ ஊழியர் வீட்டிலோ தங்கவைத்தாலும் இந்தக் கடமை உண்டு.

புதுச்சேரியில் நல்ல விடுதிகள் நிறைய இருக்கின்றன. கடலூரிலிருந்து இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் நெரிசலில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் போய்விடும். கடலூரிலேயே தங்கவைப்பது நல்லது என்பது என் கருத்து. சென்னை விமான நிலையத்திலிருந்து சுமார் 180 கி.மீ., நடுவில் டீ குடித்தால் நாலரை மணி நேரம். வந்திறங்கும் நாளில் வேறு எதுவும் வைக்காதீர்கள். புதுச்சேரி வழியாக வருவதென்றால் வண்டிக்காரரிடம் பர்மிட் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: நாள் திட்டம்

நான் முதலில் போட்ட திட்டத்தில் இரண்டு நாளில் ஒன்பது இடம் இருந்தது. அக்கா பேனாவை எடுத்து ஆறு இடத்தை அடித்தார். "ஒரு இடத்துல உக்காந்து பேசணும்னா ரெண்டு மணி நேரம் வேணும்மா" என்றார். உட்கார்ந்து பேசுகிற இடம் ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

திட்டத்தைத் தாளில் முடித்ததும், எழுதியிருக்கும் அதே நேரத்தில் அதே இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பெண்களோடு கூட்டம் காலை 9 மணி என்று எழுதியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை 9 மணிக்குப் போனால் தெருவில் ஆளே இல்லை. விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையோடு மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம் என்று விற்கப் போயிருந்தார்கள். திரும்பிவர மதியம் ஆகும். அப்புறம் சமையல், குழாயில் தண்ணீர் பிடிப்பது. விருந்தினருக்காக ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்காரச் சொன்னால் அந்த நாள் கூலியை யார் கொடுப்பது? கூட்டத்தை மாலை 4.30 மணிக்கு மாற்றினேன்.

கடைசியில் எங்கள் இரண்டாம் நாள் இப்படி இருந்தது. காலை 6 மணிக்குத் துறைமுகத்தில் மீன் ஏலம், ஓரமாக நின்று பார்ப்பது மட்டும். ஏலத்தின் நடுவில் யாரையும் நிறுத்திப் பேசக் கூடாது என்று முந்தைய இரவே சொல்லியிருந்தோம். 8.30-க்குச் சிற்றுண்டி. 10.30 முதல் 12.30 வரை அலுவலகத்தில் கணக்குப் புத்தகம், கடன் பதிவேடு. சாப்பாடு. 3.30 வரை ஓய்வு. இதைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள், பயணக் களைப்பும் வெயிலும் சேர்ந்தால் மாலைக் கூட்டத்தில் தூங்கி விழுவார்கள், பேசுகிற பெண்களுக்கு அது எவ்வளவு வலிக்கும். 4 மணிக்குக் கருவாட்டுக் களம், 4.30 முதல் 6 வரை கூட்டம். ஜனவரியில் ஆறேகாலுக்குள் இருட்டத் தொடங்கிவிடும்.

நான்காம் நாள் காலை பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு. இப்படி ஒரு அரை நாள் இருந்தால், பார்த்ததையும் கேட்டதையும் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

படி 6: மொழிபெயர்ப்பு

நிறுவன ஊழியரே மொழிபெயர்த்தால், நிறுவனத்தைப் பற்றிய குறையைப் பெண்கள் எப்படி வாய்விட்டுச் சொல்வார்கள்? ஆகவே வெளியாள் ஒருவரை வையுங்கள். கல்லூரித் தோழி ஒருத்தி எங்களுக்காக வந்தாள். வருவதற்கு ஒரு நாள் முன் அவளை ஊருக்குக் கூட்டிப்போய்ப் பேச்சுவழக்கைக் கேட்கவைத்தேன். தண்டல், கந்து வட்டி, கரைவலை, பங்கு போன்ற சொற்களுக்கு ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது என்று முன்பே பேசிவைத்தோம். சுருக்குமடி வலை என்ற பேச்சு வந்தால் கவனமாக இருக்கச் சொன்னேன். மீன் கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் பிடிக்கும் பெரிய வலை அது. 2000-ஆம் ஆண்டு தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது, இந்தக் கரையில் ஊரும் ஊரும் மோதிக்கொண்ட விஷயம்.

ஒவ்வொரு பேச்சும் இரண்டு முறை சொல்லப்படுவதால் நேரம் இரட்டிப்பாகும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் உண்மையில் முக்கால் மணிப் பேச்சுதான் நடக்கும்.

"உங்களுக்கு என்ன தேவை?" என்ற கேள்வியை வேண்டாம் என்று விருந்தினரிடம் முன்பே சொல்லுங்கள். அவர்கள் அன்போடுதான் கேட்பார்கள். கேட்பவர் காதில் அது வாக்குறுதியாக விழும். படகு கேட்டவர், வீடு கேட்டவர் எல்லாம் அடுத்த ஆறு மாதம் உங்களிடம்தான் வந்து விசாரிப்பார்கள். "இதை இப்போது எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள், பேச்சு நன்றாக வளரும்.

படி 7: பணமும் பரிசும்

ஷாமியானா, நாற்காலி, டீ, வடை எல்லாம் நிறுவனச் செலவு. ஊர் செலவழிக்க விடாதீர்கள். ஆரத்தி எடுக்க, சால்வை போர்த்த ஊர் விரும்பினால் செய்யட்டும், அது அவர்கள் மரியாதை. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வெயிலில் வரிசையாக நிறுத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

விருந்தினர் நெகிழ்ந்துபோய் நிறுவனத்துக்கென்று கையில் பணம் கொடுக்க வருவார்கள். வெளிநாட்டுக் குடிமகன் இங்கே வந்து ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு உள்ள நிறுவனம், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் பெற முடியும். பதிவு இல்லாத நிறுவனம் முன் அனுமதி வாங்காமல் பெறவே கூடாது. தமிழ் பேசும் விருந்தினராக இருந்தாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் இதே விதிதான். இதை முதல் நாளே பணிவாகச் சொல்லிவிட்டால், பிறகு கொடுக்கும் கையைத் தடுக்க வேண்டிய சங்கடம் இல்லை.

படி 8: படம்

பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். குழந்தைகள் இல்லங்களில் எடுக்கவே வேண்டாம். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது.

படி 9: முந்தின நாள்

கழிப்பறையை நேரில் பாருங்கள். கூட்டம் நடக்கும் இடத்தருகே ஒரு வீட்டில் கேட்டு, தண்ணீர், சோப்பு, தாழ்ப்பாள் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். தண்ணீர் கேன், குடை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வண்டியில் ஏற்றுங்கள். 108, அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் எங்கே என்று ஓட்டுநருக்கும் தெரிய வேண்டும்.

ஊரில் துக்கம் நேர்ந்தால் கூட்டம் இல்லை. அதற்காக மாற்று இடம் ஒன்றைப் பேசிவையுங்கள். எங்களுக்கு மூன்றாம் நாள் அப்படித்தான் ஆனது. குழுவிடம் சொன்னோம். இருவர் மட்டும் அக்காவோடு போய், பெண்களோடு ஓரமாகச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். மற்ற நால்வரும் அலுவலகத்தில் பதிவேடுகளைப் படித்தார்கள்.

படி 10: அவர்கள் போன பிறகு

விருந்தினருக்கு நன்றி மின்னஞ்சல் எல்லோரும் அனுப்புவோம். ஊருக்கும் திரும்பிப் போங்கள், இரண்டு வாரத்துக்குள். வந்தவர்கள் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது, எது முடிவாகவில்லை என்று சொல்லுங்கள். படங்களை அச்சுப்போட்டு எடுத்துப்போங்கள். கருவாடு பற்றிக் கேட்கச் சொன்ன அம்மாவிடம் அவர் படத்தைக் கொடுத்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "காயப்போட்ட வரிசை நேரா விழுந்திருக்கு பாரு" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.