ஏசியில் கேஸ் தானாகத் தீராது: கூலிங் குறைந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்

கூலிங் குறைகிறது என்று ஆளைக் கூப்பிட்டால் வருகிறவர்களில் பலர் பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள், "கேஸ் இறங்கியிருக்கு சார், போட்டுடலாம்". நானும் இரண்டு கோடையில் அடுத்தடுத்து அப்படிப் போட்டேன். மூன்றாவது கோடையில் வந்தவர் வேறு மாதிரி. முதலில் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கேட்டார். அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் வந்து சேரும் பித்தளை நட்டைச் சுற்றி நுரையைப் பஞ்சால் தடவி, செல்போன் டார்ச்சை அடித்து, "இங்க பாருங்க" என்றார். கடுகு அளவில் ஒரு குமிழ் எழும்பி, மிளகு அளவுக்குப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. பைப் முனையை வெட்டி, புதிதாக ஃப்ளேர் அடித்து, அதாவது முனையைப் புனல் மாதிரி விரித்து, இறுக்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த ஏசிக்குக் கேஸ் போடும் வேலையே வரவில்லை.

ஏசியில் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா? ஏசியில் குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அந்த இடத்தைக் காட்டாமல் கேஸ் மட்டும் போடுகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.

ஆனால் கேஸுக்குப் போகும் முன் காற்று. இன்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் ஃபில்டர் கையோடு வந்துவிடும். கோடையில் 2 வாரத்துக்கு ஒரு முறை, பஸ் போகும் ரோட்டோர வீடு என்றால் வாரா வாரம், பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைக் காட்டிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஃபில்டர் அடைத்தால் அதன் பின்னால் இருக்கும் காயிலுக்கு, அதாவது குளிர்கிற குழாய்ச் சுருளுக்கு, காற்று போகாமல் அதன்மேல் ஐஸ் கட்டும். ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானே உருகும். ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தும் மறுபடி ஐஸ் கட்டினால் அப்போது கேஸைச் சந்தேகப்படலாம்.

அவுட்டோர் யூனிட் அறையின் சூட்டை வெளியே தள்ளுகிற இடம். பால்கனியில் அதன் முன்னால் துணிக்கொடி, பழைய அட்டைப்பெட்டி, பின்னால் புறாக்கூடு என்று வைத்திருந்தால் வெளியே போன சூடு அதற்குள்ளேயே திரும்பி வரும், கரண்ட் பில் ஏறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோர வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து, விரல் பட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரவைக்கும். எம்சிபியை (கரண்ட் பெட்டியில் ஏசிக்கான சுவிட்ச்) ஆஃப் செய்துவிட்டு மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சினால் ஆயுள் கூடும். பிரஷர் பம்ப்பை நேராகக் காட்டினால் தகடு மடங்கிவிடும், அது வேண்டாம்.

சுவரில் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் பாசி. வெளி முனையிலிருந்து வேக்கம் கிளீனரால், ஈரத்தை இழுக்கக்கூடியதாக இருந்தால் மட்டும், இழுத்தாலே வழவழவென்று வந்துவிடும். பைப் முனை பக்கெட் தண்ணீரில் முங்கியிருந்தாலும் இதே கோளாறுதான். ஆசிட் ஊற்றுகிறேன் என்றால் விடாதீர்கள், காயில் பாழாகிவிடும்.

கரண்ட் சமாச்சாரம். கேஸை அழுத்திச் சுற்றவிடுவது கம்ப்ரஸர்; அதன் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது இன்வெர்ட்டர் ஏசி. பழைய வகை, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் அவுட்டோர் 'ம்ம்' என்று முனகிவிட்டு கம்ப்ரஸர் ஓடாமல் நின்றால் முதல் சந்தேகம் அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய் சாமான், அதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றியவர்கள் உண்டு. மெயினை அணைத்த பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கும், நீங்கள் கை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் ஏசியில் அடிக்கடி போவது பிசிபி என்கிற எலக்ட்ரானிக் போர்டு. வோல்டேஜ் ஏற்ற இறக்கம், எறும்பு, பல்லி எல்லாமே காரணம். புதிய போர்டு விலை கேட்டுப் பதறுவதற்கு முன், போர்டு சர்வீஸ் செய்கிற ஆளிடம் ஒரு முறை காட்டுங்கள். சென்னையில் எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரிக்கலாம். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் சூடாகிறது, தீய்ந்த வாடை வருகிறது என்றால் அந்த நிமிஷமே எம்சிபியை இறக்குங்கள்.

லீக் அடைத்தபின் கேஸ் ஏற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்த்து, வேக்கம் பம்ப்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, அப்புறம் யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் வைத்து ஏற்ற வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும் விஷயம். இப்போது அதிகம் வருகிற ஆர்32 என்ற கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, கேஸ் உள்ளே இருக்கும்போது பற்றவைப்பு வேலை கூடாது.

எப்போது மாற்றலாம்? ஆர்22 கேஸ் ஏசியில் கம்ப்ரஸர் போனால் நான் செலவு செய்ய மாட்டேன். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அந்தக் கேஸையே படிப்படியாக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்டோர் காயில் அரித்து இரண்டு மூன்று இடத்தில் ஒழுகினாலும் அப்படித்தான்.

புதிது வாங்கும்போது, 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு சூட்டை வெளியேற்றும் அளவு (பிடியு என்பது வெப்பத்தின் அலகு). 120 சதுர அடி வரை அது போதும், மேலே மொட்டைமாடி வெயில் நேராக இறங்கும் அறையென்றால் ஒன்றரை டன். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால் போன வருஷ 5 ஸ்டாரும் இந்த வருஷ 5 ஸ்டாரும் ஒன்றாக இருக்காது. லேபிளில் இருக்கும் கரண்ட் யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு, அதாவது தினம் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ராத்திரி 8 மணி நேரம் வருஷம் முழுக்க ஓடும் வீட்டுக்கு அதை ஏறக்குறைய இரண்டால் பெருக்க வேண்டும். அந்த மாதிரி வீட்டுக்கு 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் உள்ள விலை வித்தியாசம் பில்லிலேயே வந்துவிடும். விருந்தினர் அறைக்கு 3 ஸ்டார் தாராளம்.

பழையதைக் கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், காற்றில் திறந்துவிட வேண்டாம். புதிய அவுட்டோரை மாட்ட இடம் காட்டும்போது, நாளைக்கு சர்வீஸுக்கு வரும் ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்று வேலை செய்ய முடிகிற இடமாகக் காட்டுங்கள். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பால்கனியில் ஓர் ஓரம் இடம் போனால் போகட்டும்.