கை தெரிந்தால் மட்டும் போதாது: புதிய தொழிற்பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் வட்டாரத்து ஐடிஐக்களுக்குப் புதிதாக வரும் பயிற்றுநர்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பார்க்கலாம். டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு நேராக வருகிறவர்கள் ஒரு வகை. லேத் பட்டறையிலோ மேட்டூர், பொட்டனேரி பக்கத்து ஆலைகளிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பாடம் தெரியும், கை பழகியிருக்காது. இரண்டாம் வகைக்குக் கை நன்றாகப் பழகியிருக்கும், அந்தக் கை என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்ல வராது. இரண்டு பேரும் விடுகிற தவறுகள் மேலுக்கு வேறு வேறாகத் தெரியும். அடியில் இருப்பது ஒன்றுதான். செய்து காட்டுவதும், அடுத்தவர் கையைப் பார்த்துத் திருத்துவதும் தனித் திறமைகள். அவற்றையும் தினமும் பழகித்தான் ஆக வேண்டும் என்பதை யாரும் இவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை.

முதலில், வேலையைத் தானே செய்து பார்க்காமல் வகுப்புக்குப் போவது. "பிட்டர் (இரும்புத் துண்டுகளை அளவாக்கிப் பொருத்தும் தொழில்) முதல் மாதம் அரம் பிடிக்கிறதுதானே, இதில் என்ன இருக்கிறது" என்று தோன்றும். முந்தைய நாள் மாலை, மாணவர்களுக்குக் கொடுக்கப்போகும் அதே துண்டை, அதே வைஸில் (துண்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி) மாட்டி, அவர்களுக்குக் கொடுக்கப்போகும் அதே அரத்தால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் சொந்த அரத்தை எடுக்காதீர்கள். வைஸின் தாடை தேய்ந்து துண்டு நழுவுகிறதா, ஹாக்ஸா பிளேடு மழுங்கிவிட்டதா, வந்த இரும்பு வழக்கத்தைவிடக் கெட்டியா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இதைப் பார்க்காமல் போனால், மறுநாள் பையன் திணறும்போது தப்பு அவன் கையிலா அரத்திலா என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

அப்படிச் செய்யும்போது இன்னொரு வேலையும் சேர்ந்து நடக்க வேண்டும். உங்கள் கை செய்வதை நீங்களே கவனிக்க வேண்டும். அரம் தேய்ப்பதையே எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பழகுகிறவர் தேய்த்த பரப்பு நடுவில் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிந்தும் இருக்கும். டிரை ஸ்கொயரை (மட்டமும் செங்கோணமும் பார்க்கும் எல் வடிவக் கருவி) வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் வெளிச்சம் ஒழுகும். உடனே நம் வாயில் வருவது, "மட்டமா தேய்ப்பா". அதைக் கேட்டு எந்தப் பையனுக்கும் பரப்பு மட்டமாகாது. அழுத்தம் கை மாறுவதில்தான் விஷயம் இருக்கிறது. தள்ளத் தொடங்கும்போது முனையைப் பிடித்த கையில் அழுத்தம் அதிகம், பாதி தூரத்தில் இரண்டு கையும் சமம், முடிவில் பிடியைப் பிடித்த கையில் அதிகம். திரும்பி இழுக்கும்போது அழுத்தமே இருக்கக் கூடாது, அரத்தின் பல் முன்னால் போகும்போதுதான் வெட்டும். பல வருடம் பழகிய கை இதை யோசிக்காமலே செய்துவிடுகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவருக்கு இதைச் சொல்ல வருவதில்லை. புத்தகம் மட்டும் படித்தவரோ இதைச் சொல்லிவிடுவார், ஆனால் அவர் தேய்த்த துண்டிலும் நடுவில் மேடு இருக்கும்.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, தொழிற்சாலைகளுக்குப் புதிய ஆட்களை வேகமாகப் பழக்க அமெரிக்காவில் ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. வேலையை ஒரு தாளில் நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள்: என்ன படி, அந்தப் படியில் எதைக் கவனிக்க வேண்டும். 'ஏன்' என்ற மூன்றாவது பத்தி பின்னால் சேர்ந்தது. இந்த மூன்றாவது பத்தியைப் புதியவர்கள் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். காரணம் தெரியாத பையன், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் அந்தப் படியை விட்டுவிடுவான். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் போதும். கையால், உங்கள் தமிழில் எழுதுங்கள். பாடத்திட்டப் புத்தகத்தை அப்படியே பார்த்து எழுதினால் பயன் இல்லை.

அடுத்தது செய்து காட்டுவது. ஒரு யூனிட்டில், அதாவது ஒரு பயிற்சிக் குழுவில், 20 பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் ஒரு வைஸைச் சுற்றி நிறுத்திவிட்டால் முன்வரிசையில் ஐந்தாறு பேருக்குத்தான் கை தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு. பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு முறை காட்டுங்கள். நேரம் போகத்தான் செய்யும், போகட்டும். எதிரே நிற்பவர்களுக்கு உங்கள் வலது இடதாகத் தெரியும் என்பதால், முடிந்தவரை உங்கள் தோளுக்குப் பக்கத்திலும் பின்னாலும் நிறுத்துங்கள். முதல் தடவை வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்யுங்கள். வேலை முழுசாக எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்க்கட்டும். அப்புறம் மெதுவாக, படிப்படியாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாவது தடவை நீங்கள் செய்ய, அடுத்த படி என்ன என்று அவர்கள் சொல்லட்டும். அங்கே சொல் தடுமாறுகிற மாணவருக்குப் பட்டறையில் கையும் தடுமாறும். முதல் வேலையின்போது அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

வெல்டிங்கில் செய்து காட்டுவது இன்னும் கடினம், ஆர்க் (ராடின் முனையில் எரியும் மின்பொறி) எரிகிறபோது முகக்கவசத்துக்குள் பேச முடியாது. அதனால் முன்கூட்டியே எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். புதிய கண் பளிச்சென்ற ஆர்க்கையே பார்க்கும். பார்க்க வேண்டியது அதன் பின்னால் உருகி நிற்கிற குளத்தை. 3.15 மி.மீ. தடிமன் உள்ள வெல்டிங் ராடு என்றால் ஆர்க்கின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீளம் சரியாக இருந்தால் சத்தம் எண்ணெயில் பஜ்ஜி பொரிவதுபோல ஒரே சீராக வரும், விலகினால் பொரிவது உடைந்து சத்தம் மாறும். இதைக் காதால் பிடித்துவிட்ட மாணவர் தன்னைத்தானே திருத்திக்கொள்வார்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நான் நினைப்பது, மாணவர் கையிலிருந்து கருவியை வாங்கிவிடுவது. "இங்க குடு, பாரு" என்று சொல்லி வாங்கி, நாலு தள்ளு தள்ளி, மட்டமாக்கிக் கொடுத்துவிடுவோம். உதவி செய்ததாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பையன் தவறு செய்து, அதைக் கண்டுபிடித்து, திருத்தியிருக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களை நாம் எடுத்துக்கொண்டோம். அடுத்த முறை சிக்கல் வந்தால் அவன் துண்டைப் பார்க்க மாட்டான், உங்களைத் தேடுவான். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் கேளுங்கள்: "எங்க வெளிச்சம் தெரியுது? அப்ப எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமாயிருக்கு?" காட்டியே தீர வேண்டும் என்றால் பக்கத்து வைஸில், வேறு துண்டில் காட்டுங்கள். அவன் துண்டு அவனுடையதாகவே இருக்கட்டும். ஆபத்து வரும் இடம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, மெயினை அணைக்க வேண்டும்.

முடிந்த துண்டை வெர்னியரில் அளந்து மதிப்பெண் போடுவதோடு நின்றுவிடுவதும் இதே குடும்பத்துத் தவறு. அளவு சரியாக வந்திருக்கலாம். வைஸ் அவர் முழங்கை உயரத்துக்கு இல்லாமல், குனிந்து, இடுப்பு வலியோடு அதைச் செய்திருக்கலாம். உயரம் குறைந்தவருக்குக் காலடியில் ஒரு பலகை போட்டால் முடிகிற விஷயம் இது. வேலை நடக்கும்போது சுற்றி வந்து பார்க்காதவர் கண்ணில் அது படாது.

மாணவிகள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் பிரிவுகளில் பெண்கள் சேர்கிறார்கள். குழுவாகப் பிரிந்ததும் பையன்கள் மெஷின் பக்கம் போய்விடுவார்கள், ரெக்கார்டு எழுதுவது, அளவு குறிப்பது, கருவி எடுத்துக் கொடுப்பது என்று அந்தப் பெண் ஒதுங்கிவிடுவாள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பயிற்றுநரும் கவனிப்பதில்லை. படிப்பு முடிந்து வேலைக்கான நேர்காணலில் லேத் முன்னால் நிறுத்தினால் அவளுக்குக் கை நடுங்கும். அந்தப் பழி பயிற்றுநருடையது. யார் எந்த மெஷினில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள், பெயர் பெயராக.

பாதுகாப்பு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்தான் தவறு. "கையுறை போடுங்க" என்று மொத்தமாகச் சொன்னால், வெல்டிங்குக்குச் சரி. லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் அதே கையுறை சுழலும் பாகத்தில் சிக்கிக் கையையே இழுத்துவிடும். சக் சாவியை (சுழலும் பிடியை இறுக்கும் சாவி) இறுக்கி முடித்த நொடியிலேயே கழற்ற வேண்டும், ஸ்பீடு மாற்றும் முன் ஒருமுறை என்றோ ஸ்டார்ட் பண்ணும் முன் ஒருமுறை என்றோ தள்ளிப்போடக் கூடாது. நீங்கள் அவசரத்தில் ஒரு தடவை கண்ணாடி போடாமல் கிரைண்டர் பக்கம் போனாலும், அன்றைய பாடம் அதுதான் என்று 20 பேரும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம், பணி கிடைத்ததும் கற்பதை நிறுத்திவிடுவது. கிராஃப்ட் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழுக்கான ஒரு வருடப் பயிற்சி நல்ல தொடக்கம். கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் கற்பிக்கும் முறையைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். ஆனால் கை துருப்பிடிக்காமல் இருக்க நம்மைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 4.0 மையங்களாக, அதாவது கணினி, ரோபோ சார்ந்த நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாறியிருக்கின்றன. புதிய மெஷின் வந்த இடத்தில், அதைத் துணி போட்டு மூடி வைக்காமல் மாணவர்களுக்கு முன்பே பயிற்றுநர் அதில் பழகிவிட வேண்டும்.

பட்டறைகளுக்குப் போய்ப் பழகச் சேலத்தில் இருப்பவருக்குப் பெரிய வசதி இருக்கிறது. உருக்காலை இருக்கும் ஊர் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்யும் பட்டறைகளைத் தேடிப் போங்கள். சாதா இரும்பைவிட அது சூட்டை மெதுவாகக் கடத்தும், அதிகமாக விரியும், அதனால் சீக்கிரம் வளையும். சாதா இரும்புக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷை அதில் போட்டால் பின்னால் துருப் புள்ளி வரும். எலக்ட்ரீஷியன் பயிற்றுநர் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குள் போய் வரலாம். கிழங்கு கழுவும் ஈரத் தரையில் மோட்டாரும் ஸ்டார்ட்டரும் ஓடுகிற இடத்தைப் பார்த்தால் எர்த்திங் பாடத்தை நடத்தும் விதமே மாறிவிடும். ஏற்காட்டில் காபி அறுவடை நடக்கும் மாதங்களில் எஸ்டேட் பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்) பழுது பார்ப்பவருடன் ஒரு நாள் நிற்கலாம். டிரம்முக்கும் எதிர்த் தகட்டுக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் குறைந்தால் கொட்டை அடிபடும், கொஞ்சம் கூடினால் பழம் தோலோடு வெளியே வரும். 'டாலரன்ஸ்' (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் கிடைப்பது கடினம்.

போகும்போது பயிற்றுநர் என்ற தோரணையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். வேலை அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலாளியிடம் முன்பே கேட்டுக்கொண்டு, உங்கள் சொந்த ஷூவும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போங்கள். எட்டாவதோடு நின்றுவிட்ட மேஸ்திரியாக இருந்தாலும் "அண்ணா, இதை ஏன் இப்படிப் பண்றீங்க" என்று கேளுங்கள். முதலில் "அது அப்படித்தான்" என்பார். இரண்டாவது தடவை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று, கையைப் பார்த்துக்கொண்டே அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றாவது பத்தியில் எழுதிவிடுங்கள்.